பாக்டீரியா இல்லாத குழாயிலும் மறைந்த கேட்டகின்: மதுரை ஆய்வகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறை. முனைவர் பட்ட மாணவி ஒருவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: கிரீன் டீயில் துவர்ப்பைத் தரும் கேட்டகின்கள் என்னும் பொருள்களை நம் ஊர் ஆட்களின் பெருங்குடல் பாக்டீரியாக்கள் எவ்வளவு நேரத்தில், எந்தெந்தப் பொருள்களாக உடைக்கின்றன? ஆறு தன்னார்வலர்களின் மலத்தைக் கரைசலாக்கி, அதில் கேட்டகினைச் சேர்த்து, காற்றில்லா நிலையில் 48 மணி நேரம் வைத்து, இடையிடையே மாதிரி எடுத்துப் பார்ப்பது திட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தன்னார்வலர்களின் எழுத்துப்பூர்வ இசைவும் பெறப்பட்டன.

கேள்வி நல்ல கேள்விதான். கிரீன் டீயின் கேட்டகின்களில் அளவில் முதன்மையானது இ.ஜி.சி.ஜி. (எபிகேலோகேட்டகின் கேலேட்). குடித்ததில் மிகச் சிறிய பங்குதான் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. மிச்சத்தின் பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் உடைத்துத் தரும் சிறு துண்டுகளே பின்னர் ரத்தத்திலும் சிறுநீரிலும் கூடுதலாகத் தென்படுகின்றன. டீயின் பலன் என்று பேசப்படுவதில் எவ்வளவு டீயுடையது, எவ்வளவு குடல் பாக்டீரியாவுடையது என்பது ஆளுக்கு ஆள் மாறக்கூடும்.

எதிர்பார்க்க வேண்டிய பாதை

சோதனை எங்கே சறுக்கியது என்று புரிய இந்தப் பாதை தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வெட்டு, இ.ஜி.சி.ஜி.யின் எஸ்டர் பிணைப்பில் விழுகிறது. அது இ.ஜி.சி. (எபிகேலோகேட்டகின்), கேலிக் அமிலம் என்று இரண்டாகப் பிரியும். கேலிக் அமிலம் கார்பாக்சில் தொகுதியை இழந்து பைரோகேலாலாகும். இ.ஜி.சி.யின் நடு வளையத்தைத் திறப்பது எல்லா பாக்டீரியாவாலும் ஆகாத வேலை. எக்கர்தெல்லா லென்டா, அட்லர்க்ருட்சியா ஈகுவோலிஃபேசியன்ஸ் போன்ற சிலவே அதைச் செய்கின்றன. வளையம் திறந்த பொருளை ஃபிளேவோனிஃப்ராக்டர் பிளாட்டி போன்றவை மேலும் உடைத்து ஃபீனைல் வேலரோலாக்டோன்களாகவும் வேலரிக் அமிலங்களாகவும் மாற்றுகின்றன. அதற்குப் பிறகு பக்கச் சங்கிலி குறுகிக்கொண்டே போய் எளிய ஃபீனாலிக் அமிலங்களில் முடிகிறது.

எடைக் கணக்கு ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். இ.ஜி.சி.ஜி.யின் மூலக்கூறு எடை 458, இ.ஜி.சி. 306, கேலிக் அமிலம் 170. ஆக 1 மி.கி. இ.ஜி.சி.ஜி. முதல் வெட்டில் உடைந்தால் 0.67 மி.கி. இ.ஜி.சி.யும் 0.37 மி.கி. கேலிக் அமிலமும் வந்தாக வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டுவதற்குக் காரணம், உடையும்போது ஒரு நீர் மூலக்கூறு சேர்வது.

முதல் சுற்று

மே மாதம். வளர்ப்பு ஊடகம், அதாவது பாக்டீரியா வளரும் சத்துக் கரைசல், வழக்கமானது. லிட்டருக்குப் பெப்டோன் 2 கிராம், ஈஸ்ட் சாறு 2 கிராம், சோடியம் பைகார்பனேட் 2 கிராம், பித்த உப்பு 0.5 கிராம், சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு 0.5 கிராம், ஹீமின் 50 மி.கி., சிறிதளவு தாது உப்புகள், வைட்டமின் கே, காற்றைக் காட்டிக்கொடுக்க ரெசசூரின் சாயம் (ஆக்சிஜன் இருந்தால் இளஞ்சிவப்பு, இல்லாவிட்டால் நிறமற்றது) 1 மி.கி. மலத்தைப் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் 10 சதவீதமாகக் கரைத்து, இரண்டு மடிப்பு மல்துணியில் வடிகட்டி, குழாயில் 1 சதவீதம் நிற்குமாறு சேர்த்தார்கள். டீ, நீலகிரி பச்சைத் தேயிலை. 2 கிராம் இலையை 80 டிகிரி வெந்நீர் 100 மி.லி.யில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்தது.

திருகு மூடிக் குழாய்களை, காஸ்பேக் (ஆக்சிஜனை நீக்கும் பொட்டலம்) போட்ட காற்றில்லா ஜாடியில் அடுக்கி இன்குபேட்டரில் வைத்தார்கள். 0, 2, 5, 10, 24, 48 மணிகளில் ஜாடியைத் திறந்து மாதிரி எடுத்து, 0.45 மைக்ரான் நைலான் வடிகட்டியில் தள்ளி, கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் தனி முகடாகக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் 280 நானோமீட்டரில் பார்த்தார்கள். கூடவே நிறமாற்றத்தை வைத்து அளக்கும் ஃபோலின் முறையில் மொத்த ஃபீனால் அளவும் எடுத்தார்கள்.

ஒப்பீட்டுக்கு வைத்தது மலக் கரைசல் மட்டும் உள்ள, டீ சேர்க்காத குழாய். ஊடகமும் டீயும் மட்டும் உள்ள குழாய் ஒன்றும் ஜாடியில் இருந்தது. ஆனால் அதை 0 மணியில் ஒரே ஒரு முறை அளந்துவிட்டு, மறுபடி யாரும் தொடவில்லை. பின்னால் வந்த குழப்பம் அனைத்தும் இங்கேதான் வேர் விட்டது.

ஆறு பேரின் குழாய்களிலும் இ.ஜி.சி.ஜி. முதல் 5 மணி நேரத்திலேயே பெரும்பாலும் போய்விட்டது. வரைபடம் பார்க்க அழகாக, ஆறு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. "மதுரைத் தன்னார்வலர்களின் குடல் பாக்டீரியா இ.ஜி.சி.ஜி.யை மிக விரைவாகச் சிதைக்கிறது" என்று மாணவி அரையாண்டு அறிக்கைக்கு வரைவும் எழுதிவிட்டார்.

சந்தேகம் எழுந்த விதம்

சந்தேகம் மூன்று பக்கத்திலிருந்து வந்தது.

முதலாவது, அந்த ஒழுங்கு. மனிதக் குடல் பாக்டீரியா ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபடும்போது ஆறு கோடுகளும் ஒன்றாக விழுவது நற்செய்தி ஆகாது. உயிர் செய்த வேலை என்றால் கோடுகள் சிதறியிருக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. வழிகாட்டி எடைச் சமன்பாட்டைப் போடச் சொன்னார். மறைந்த இ.ஜி.சி.ஜி.க்கு ஈடான கேலிக் அமிலம் எந்தக் குழாயிலும் வரவில்லை. இ.ஜி.சி. கூடுவதற்குப் பதில் அதுவும் குறைந்திருந்தது. ஃபோலின் அளவோ ஏறக்குறைய அசையவே இல்லை. ஒரு கருவி எல்லாம் போய்விட்டது என்கிறது, இன்னொன்று எதுவும் போகவில்லை என்கிறது.

மூன்றாவது, கண்ணாடிச் சாமான் கழுவும் உதவியாளர். ஊடகமும் டீயும் மட்டும் இருந்த அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுல ஒண்ணும் கலக்கலைன்னு சொன்னீங்களே மேடம், இதுவும் செவந்து போயிருச்சே?" என்று கேட்டார். ஊற்றி வைத்த டீ நேரம் போனால் கறுப்பது எந்த வீட்டு அடுப்படியிலும் தெரிந்த விஷயம். ஆய்வகத்தில் அதை யாரும் யோசிக்கவில்லை. அந்தக் குழாயை அன்றே எச்.பி.எல்.சி.யில் ஏற்றினார்கள். இ.ஜி.சி.ஜி. முகடு கிட்டத்தட்ட இல்லை.

பாக்டீரியாவே இல்லாத குழாயிலும் அதே மறைவு. அறிக்கை வரைவு நிறுத்தப்பட்டது.

காரணங்களைத் தேடியது

இ.ஜி.சி.ஜி. அமிலத்தில் நிலையாக இருக்கும் பொருள். பி.எச். 4க்குக் கீழே நாள்கணக்கில் தாங்கும். 7ஐத் தாண்டி, 37 டிகிரி சூட்டில், கரைந்த ஆக்சிஜனும் இருந்தால் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து இரட்டை மூலக்கூறுகளாகவும் பழுப்பு நிறப் பொருள்களாகவும் மாறும். பாதி போக ஒரு மணி நேரமே அதிகம். இரும்பு இருந்தால் வேகம் இன்னும் கூடும். ஊடகத்தில் இரும்புள்ள ஹீமின் இருக்கிறது. இந்த வினையில் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. ஆகக் காற்று இரண்டு கேடு செய்தது: டீயையும் அழித்தது, காற்றைத் தாங்காத பாக்டீரியாக்களையும் தாக்கியது.

காற்று எப்படி வந்தது? காஸ்பேக் ஜாடி மூடிய உடனே காற்றில்லா நிலைக்கு வந்துவிடாது, ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். இங்கே 2, 5, 10 மணிகளில் ஜாடியைத் திறந்திருக்கிறார்கள். ரெசசூரின் இளஞ்சிவப்பாகவே நின்றது. டீயின் நிறத்தில் அது கண்ணுக்குப் படவில்லை.

பி.எச். விஷயம் இன்னும் நுணுக்கமானது. தயாரிக்கும்போது 7.0 என்று சரிசெய்த ஊடகம், கொதிக்கவைத்து நைட்ரஜன் செலுத்திய பிறகு 7.6 காட்டியது. பைகார்பனேட் ஊடகத்தில் வெறும் நைட்ரஜனைக் குமிழியிட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும், பி.எச். ஏறும். வாயு செலுத்திய பின் அளக்காதவர்களுக்கு இது தெரியவே வராது.

ஃபோலின் ஏன் அசையவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. அந்த வினைப்பொருள் கேட்டகினை மட்டும் அளப்பதில்லை. ஒடுக்கும் தன்மையுள்ள எதனோடும் வினைபுரியும். சிஸ்டீனோடு வினைபுரியும், கேலிக் அமிலம், பைரோகேலால், பழுப்பாகிப்போன கேட்டகின் எல்லாவற்றோடும் வினைபுரியும். காற்றில்லா வளர்ப்பில் கேட்டகின் சிதைவை அளக்க அது உதவாது. சிக்கன முறை என்று பல கல்லூரிகளில் இதையே நம்புகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நைலான் வடிகட்டியையும் சோதித்தார்கள். தெரிந்த செறிவுள்ள இ.ஜி.சி.ஜி. கரைசலை அதில் தள்ளி, தள்ளாத கரைசலோடு ஒப்பிட்டபோது முகடு தெளிவாகச் சிறுத்தது. நைலானின் அமைடு பிணைப்புகளில் பாலிஃபீனால்கள் ஒட்டிக்கொள்ளும். நீர் ஏற்கும் வகை பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) வடிகட்டியில் இந்த இழப்பு இல்லை.

கடைசியாக இன்குபேட்டர். குளிரூட்டும் வசதி இல்லாத சாதாரண வகை. அது சூடாக்க மட்டுமே தெரிந்த பெட்டி. அறையின் வெப்பத்தைவிடச் சில டிகிரி மேலேதான் அதனால் நிலையாக நிற்க முடியும். மதுரையில் மே மாத மதியம் மேல்மாடி அறை 39 டிகிரி இருக்கும்போது, 37இல் வைத்த இன்குபேட்டர் உள்ளே 42 காட்டியதை வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள்.

எடுத்த முடிவுகள்

முதல் சுற்றின் தரவு முழுவதும் கைவிடப்பட்டது. பாதியைக் காப்பாற்றலாமா, பாக்டீரியா இல்லாத குழாயின் இழப்பைக் கழித்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. அது ஏற்கப்படவில்லை. மலக் கரைசல் உள்ள குழாயில் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடும், ஆகவே அங்கே ஆக்சிஜனேற்றம் குறைவாக இருந்திருக்கும். இரண்டு குழாயிலும் இழப்பு ஒரே காரணத்தால் வரவில்லை என்னும்போது கழித்தல் செல்லாது.

வடித்த டீக்குப் பதில் தூய இ.ஜி.சி.ஜி.யைப் பயன்படுத்துவது என்று முடிவானது. டீயில் நான்கு கேட்டகின்களும் கலந்திருப்பதால் எந்தத் துண்டு எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு தன்னார்வலருக்கும் நான்கு வகைக் குப்பிகள், ஒவ்வொன்றும் மும்மூன்று: உயிருள்ள மலக் கரைசலும் இ.ஜி.சி.ஜி.யும், 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் வைத்து) பாக்டீரியாவைக் கொன்ற கரைசலும் இ.ஜி.சி.ஜி.யும், கரைசலே இல்லாமல் ஊடகமும் இ.ஜி.சி.ஜி.யும், உயிருள்ள கரைசல் மட்டும். நான்கிலும் எல்லா நேரப் புள்ளிகளிலும் மாதிரி. கொல்வதற்குச் சோடியம் அசைடு போடலாம் என்ற கருத்து தள்ளப்பட்டது. அது ஆக்சிஜனில் சுவாசிக்கும் பாக்டீரியாவை அடக்கும், நொதித்தலில் வாழ்பவற்றை நம்பகமாக நிறுத்தாது.

இரண்டாம் சுற்று செய்முறை

100 மி.லி. சீரம் குப்பி, பியூட்டைல் ரப்பர் அடைப்பான், அலுமினிய முத்திரை. ஊசி மருந்துக் குப்பியின் பழைய ரப்பரை மறுபடி பயன்படுத்தக் கூடாது. குத்திக் குத்தி ஓட்டையான ரப்பர் வழியே காற்று கசியும்; இயற்கை ரப்பரில் ஓட்டை இல்லாமலே கசியும்.

பைகார்பனேட்டும் சிஸ்டீனும் இல்லாமல் ஊடகத்தைக் கொதிக்கவிட்டு, நைட்ரஜன் 80, கரியமில வாயு 20 கலவையைச் செலுத்திக்கொண்டே ஆறவிட்டு, ஆறிய பின் அவ்விரண்டையும் சேர்த்தார்கள். இந்த வாயுக் கலவையும் லிட்டருக்கு 2 கிராம் பைகார்பனேட்டும் சேர்ந்தால் பி.எச். 6.8 அருகில் தானாகவே நிற்கும். ரெசசூரின் நிறமற்றுப் போகும்வரை இ.ஜி.சி.ஜி. சேர்க்கக் கூடாது என்பது விதி.

இருப்புக் கரைசல்: 45.8 மி.கி. இ.ஜி.சி.ஜி.யை, மி.லி.க்கு 1 மி.கி. அஸ்கார்பிக் அமிலம் கரைத்த, ஆக்சிஜன் நீக்கிய நீர் 10 மி.லி.யில் கரைத்தது. இது 10 மில்லிமோலார். குப்பியில் ஊடகம் 43.5 மி.லி., மலக் கரைசல் 5 மி.லி., இருப்புக் கரைசல் 1.5 மி.லி. ஆக 50 மி.லி., இ.ஜி.சி.ஜி. 0.3 மில்லிமோலார். இதைவிடப் பல மடங்கு கூட்டினால் கேட்டகினே பாக்டீரியாவை அடக்கத் தொடங்கும். இ.ஜி.சி.ஜி. போடாத குப்பிக்கும் அதே அளவு அஸ்கார்பிக் அமில நீர் உண்டு.

மாதிரி எடுத்த 1 மி.லி.யை, 1 சதவீத ஃபார்மிக் அமிலம் கலந்த குளிர்ந்த மெத்தனால் 1 மி.லி.யில் உடனே விட்டார்கள். அமிலம் ஆக்சிஜனேற்றத்தை நிறுத்தும், மெத்தனால் பாக்டீரியாவை நிறுத்தும். சுழற்றித் தெளியவைத்து, பி.டி.எஃப்.இ.யில் வடித்து, மைனஸ் 20 டிகிரியில் வைத்தார்கள். வேலரோலாக்டோன்கள் 280 நானோமீட்டரில் மங்கலாகத்தான் தெரியும் என்பதால் அவற்றுக்கு வெளி ஆய்வகம் ஒன்றில், மூலக்கூறின் நிறையை வைத்து அடையாளம் காணும் எல்.சி.-எம்.எஸ். சோதனை ஏற்பாடானது. எதிர்மின் அயனி நிலையில் (ஒரு ஹைட்ரஜனை இழப்பதால் நிறை ஒன்று குறையும்) இ.ஜி.சி.ஜி.க்கு 457, இ.ஜி.சி.க்கு 305, டிரைஹைட்ராக்சி வேலரோலாக்டோனுக்கு 223, டைஹைட்ராக்சி வேலரோலாக்டோனுக்கு 207 என்ற நிறைகளைத் தேடச் சொல்லி அனுப்பினார்கள்.

மலம் சேகரிப்பும் மாறியது. முதல் சுற்றில் வீட்டில் எடுத்து, வண்டியில் வெயிலோடு வந்து சேர நான்கு மணி நேரம் வரை ஆனது. இம்முறை கல்லூரியிலேயே சேகரிப்பு, காற்றில்லாப் பையில் அடைப்பு, ஒரு மணி நேரத்துக்குள் குப்பிக்குள். இன்குபேட்டர் ஏ.சி. அறைக்கு இறங்கியது.

கண்டவை

மலக் கரைசல் இல்லாத குப்பியில் இ.ஜி.சி.ஜி. 24 மணி நேரமும் பெரிதாகக் குறையாமல் நின்றது, நிறமும் மாறவில்லை. ஆய்வகத்தார் முதலில் பார்க்க விரும்பியது இதைத்தான்.

கொன்ற கரைசல் உள்ள குப்பியில் 0 மணியிலேயே ஒரு பகுதி குறைந்தது, அதன் பின் கோடு படுத்துவிட்டது. புரதத்திலும் மலத் துகள்களிலும் ஒட்டிக்கொண்ட பங்கு அது. உடைந்தது அல்ல, பிடிபட்டது.

உயிருள்ள குப்பிகளில் கோடுகள் இம்முறை சிதறின. வேகமானவரிடம் 5 மணிக்குள் இ.ஜி.சி.ஜி. முடிந்தது; மெதுவானவரிடம் 24 மணியிலும் மிச்சம் இருந்தது. குறையக் குறைய இ.ஜி.சி.யும் கேலிக் அமிலமும் ஏறின, பிறகு கேலிக் அமிலம் இறங்கப் பைரோகேலால் ஏறியது. நான்கு பேரின் குப்பிகளில் 24 மணிக்கு மேல் 223, 207 முகடுகள் வந்தன.

ஐந்தாமவர் தனிக் கதை. அவருடைய, இ.ஜி.சி.ஜி. சேர்க்காத குப்பியிலேயே 0 மணியில் 207 முகடு இருந்தது. விசாரித்ததில், டீ, காபி இரண்டு நாள் விட்டிருந்தார், வெற்றிலை பாக்கை விடவில்லை. கேள்வித்தாளில் அது கேட்கப்படவும் இல்லை. பாக்கில் எபிகேட்டகினும் அது கோத்த டானின்களும் ஏராளம். அவற்றிலிருந்து குடலில் வருவது 3,4-டைஹைட்ராக்சி வேலரோலாக்டோன். இ.ஜி.சி.ஜி.யிலிருந்து பெரும்பாலும் எதிர்பார்ப்பது 3,5 வகை. நிறை இரண்டுக்கும் 207தான். வெளிவரும் நேரம் வேறு. அவருடைய இ.ஜி.சி.ஜி. குப்பியில் இரண்டு முகடுகள் பிரிந்து நின்றதால், பாக்கினுடையதை ஒதுக்கிவிட்டு மற்றதைப் படிக்க முடிந்தது. நிறையை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒன்றாகிப் போயிருக்கும்.

ஆறாமவரிடம் இ.ஜி.சி.யும் பைரோகேலாலும் வந்து அங்கேயே நின்றன. 48 மணியிலும் வளையம் திறந்த அடையாளம் இல்லை. கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருந்தார். மறுபடி பேசியபோது, ஐந்து வாரத்துக்கு முன் பல்வலிக்கு மருந்துக் கடையில் ஐந்து நாள் மாத்திரை வாங்கியது நினைவுக்கு வந்தது. அட்டையில் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது பல்வலி மாத்திரை. ஆனாலும் மாத்திரையால்தான் வளையம் திறக்கவில்லை என்று எழுத முடியாது. அந்த பாக்டீரியாக்கள் இயல்பிலேயே குறைந்தவர்களும் உண்டு, எக்கர்தெல்லா மெதுவாக வளரும் இனமும்கூட. அவருடைய தரவு தனியாகக் காட்டப்பட்டது, சராசரியில் சேர்க்கப்படவில்லை.

அடுத்த சுற்றில் மாறுபவை

கேள்வித்தாள் திருத்தி எழுதப்பட்டுள்ளது. "ஆன்டிபயாடிக்" என்ற சொல் நீங்கி, "கடந்த 3 மாதத்தில் காய்ச்சல், பல்வலி, வயிற்றுப்போக்கு என்று மூன்று நாளோ ஐந்து நாளோ மாத்திரை சாப்பிட்டீர்களா? அட்டை இருந்தால் கொண்டுவாருங்கள்" என்று வந்திருக்கிறது. தவிர்க்க வேண்டியவற்றில் பாக்கு, நெல்லிக்காய், மாம்பழம் மூன்றும் சேர்ந்தன. நெல்லிக்காயிலும் மாம்பழத்திலும் கேலிக் அமிலமும் அது கோத்த டானின்களும் இருப்பதால் பைரோகேலால் கணக்கைக் கெடுக்கும். தவிர்க்கும் காலம் இரண்டு நாளிலிருந்து நான்காகிறது. மலச்சிக்கல் உள்ளவருக்கு இரண்டு நாள் போதாது.

48 மணியோடு நிறுத்தாமல் 72 மணிக்கும் ஒரு மாதிரி. எக்கர்தெல்லாவின் வளர்ச்சிக்கு அர்ஜினின் உதவும் என்பதால், ஆறாமவர் போன்றவர்களின் கரைசலில் அர்ஜினின் சேர்த்த குப்பி ஒன்றும் இணையாக ஓடும். அதில் வளையம் திறந்தால், பாக்டீரியா இருக்கிறது, எண்ணிக்கைதான் போதவில்லை என்று படிக்கலாம். திறக்காவிட்டால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது.

3,4, 3,5 வேலரோலாக்டோன்களின் தூய மாதிரிகளை வாங்கும்வரை, அந்த முகடுகள் ஆய்வேட்டில் "உத்தேச அடையாளம்" என்றே குறிக்கப்படும். முதல் சுற்றின் வரைபடம், பாக்டீரியா இல்லாத குழாயின் அளவீட்டோடு சேர்த்து, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வைக்கப்படுகிறது. மூன்றாம் சுற்று மாம்பழக் காலம் முடிந்து ஆகஸ்டில் தொடங்குகிறது.